ஒரு டப்பா சாக்லேட்டும் கிளாப்டனின் சொத்தைப் பல்லும்

1968 அக்டோபர் 11. லண்டன் அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டுடியோவுக்கு ஆறு சாக்ஸபோன் வித்வான்கள் வந்திருந்தார்கள். ரோனி ராஸ், டேனி மாஸ், ஆர்ட் எல்லஃப்சன், ஹாரி க்ளைன், டெரக் காலின்ஸ், பெர்னார்ட் ஜார்ஜ். கிறிஸ் தாமஸ் என்ற 21 வயது இளைஞர் எழுதிக் கொடுத்த ஸ்வரக் குறிப்பைப் பார்த்து ஊதினார்கள். எஞ்சினியர் கென் ஸ்காட் அந்த நாதத்தின் கனம் குறையாமல் சுத்தமாகப் பதிவு செய்தார். கேட்டுக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹாரிசனுக்கு அந்தச் சுத்தம்தான் பிடிக்கவில்லை. சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் தாங்காத அளவுக்கு ஏற்றி, கிழிந்து கரகரக்கும்படி செய்யச் சொன்னார். செய்தார்கள். பிறகு வித்வான்களைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டு, போட்டுக் காட்டுவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். உங்கள் அருமையான நாதத்தைக் குலைத்துவிட்டேன், ஆனால் எனக்கு இப்படித்தான் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். அவர்கள் ரசித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்.

இத்தனை பாடும் எதற்கு? ஒரு சாக்லேட் டப்பாவின் மூடியில் அச்சடித்திருந்த பெயர்களை எடுத்து எழுதிய பாட்டுக்கு.

'சவாய் ட்ரஃபிள்' என்பது பாட்டின் பெயர். பீட்டில்ஸின் வெள்ளை அட்டை ஆல்பம் இரண்டு தட்டுகளும் 30 பாட்டுகளுமாக 1968 நவம்பர் 22 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. அதில் பக்கத்துக்கு ஒன்று என ஹாரிசனுக்குக் கிடைத்தவை நான்கு. முதல் பக்கத்தில் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்'. நான்காம் பக்கத்தில், மூன்றாவதாக, இது. முந்தையதை உலகமே கும்பிடுகிறது. இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளக்கும். ஆல்பத்தை நிரப்பப் போட்ட அடைசல் என்று ஒரு கூட்டம். நான்காம் பக்கத்தைத் தூக்கி நிறுத்துவதே இதுதான் என்று இன்னொன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பஞ்சாயத்து முடியவில்லை.

பாப் பாட்டுகளில் மிட்டாய்க்குப் பஞ்சமே இருந்ததில்லை. அதே 1968-இல் ஒஹையோ எக்ஸ்பிரஸ் குழுவின் 'யம்மி யம்மி யம்மி' வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஆர்ச்சீஸின் 'சுகர், சுகர்' அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. ஆர்ச்சீஸ் என்று ஒரு குழுவே கிடையாது, அது கார்ட்டூன் பாத்திரங்களின் பெயர் என்பது கேட்டவர்களில் எத்தனை பேருக்கு உறைத்ததோ. அந்தப் பாட்டுகளில் எல்லாம் இனிப்பு என்றால் காதலி. சர்க்கரை என்றால் முத்தம். ஹாரிசன் மட்டும்தான் சாக்லேட்டைச் சாக்லேட்டாகவே பாடினார். கூடவே, தின்றால் பல் போகும் என்றும் எச்சரித்தார்.

நண்பருக்கு ஒரு நக்கல்

பல் போகும் என்று பாட்டில் எச்சரிக்கை வாங்கும் ஆள், ஹாரிசனின் நண்பரும் கிட்டார் கலைஞருமான எரிக் கிளாப்டன். அவருக்கு அப்போது 23 வயது. க்ரீம் குழு கலையும் தறுவாயில் இருந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி ஹாரிசனின் வற்புறுத்தலில் பீட்டில்ஸ் ஸ்டுடியோவுக்கு வந்து, 'வைல் மை கிட்டார்' பாட்டுக்குக் கிட்டார் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 3-ஆம் தேதி சோஹோவில் உள்ள ட்ரைடண்ட் ஸ்டுடியோவில் இந்தப் பாட்டின் பதிவு தொடங்கிவிட்டது. ஒரே ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு விரலையும் இன்னொன்றுக்குப் பல்லையும் கொடுத்த மனிதர் அவர் ஒருவர்தான்.

கதையை ஹாரிசனே 1980-இல் வந்த 'ஐ, மீ, மைன்' என்ற தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கிளாப்டனுக்குப் பல்லெல்லாம் சொத்தை. ஏகப்பட்ட வேலை பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் எச்சரித்தும் வாய் கேட்கவில்லை. சாக்லேட்டைக் கண்டால் விடமாட்டார். அப்படி ஒருநாள் கண்ணில் பட்டது மேக்கிண்டாஷ் கம்பெனியின் 'குட் நியூஸ்' டப்பா. மூடியைத் திருப்பினால் உள்ளே எந்தக் குழியில் எந்த ரகம் என்று பெயரோடு ஒரு வரைபடம் இருக்கும். தீபாவளிக்கு நம் ஸ்வீட் கடைகளில் வாங்கும் அசார்ட்டட் பெட்டி போலத்தான், ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மான்டெலிமார், ஜிஞ்சர் ஸ்லிங், காஃபி டெஸர்ட், க்ரீம் டேன்ஜரின், தலைப்பில் இருக்கும் சவாய் ட்ரஃபிள் எல்லாமே டப்பாவில் இருந்த பெயர்கள்தாம். செர்ரி க்ரீமும் கோகனட் ஃபட்ஜும் ஹாரிசனின் சொந்தச் சரக்கு. டப்பாவின் பெயரைக்கூட விடவில்லை, அதுவும் பாட்டுக்குள் வந்துவிட்டது.

நடுப்பகுதியில் அவருக்குக் கை ஓடவில்லை. பீட்டில்ஸின் பத்திரிகைத் தொடர்பாளர் டெரக் டெய்லர் கைகொடுத்தார். தனக்குத் தெரிந்தவர்கள் எடுத்து அந்த வருஷம் வெளிவந்த 'யூ ஆர் வாட் யூ ஈட்' என்ற ஆவணப்படத்தின் பெயரை எடுத்துக் கொடுத்தார். நாம் தின்பதுதான் நாம் என்று பொருள் தரும் தலைப்பு. சந்தத்துக்கு உட்காராததால் அதைத் திருப்பிப் போட்டுப் பாடினார் ஹாரிசன்.

அதே பகுதியில் பீட்டில்ஸ் சகா மெக்கார்ட்னிக்கும் ஒரு குத்து உண்டு. அந்த ஜூலையில் 'ஓப்-லா-டி, ஓப்-லா-டா' பாட்டை மெக்கார்ட்னி திருப்தி வராமல் நாள் கணக்கில் மறுபடி மறுபடி பதிவு செய்து, கூட இருந்தவர்களை ஒருவழியாக்கிவிட்டார். அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, அந்த நாட்களின் சச்சரவு தாங்காமல் ஜூலை 16 அன்று எஞ்சினியர் ஜெஃப் எமரிக் வேலையை உதறிவிட்டுப் போனார். ஹாரிசன் அந்தப் பாட்டின் பெயரைப் போகிற போக்கில் இங்கே இழுத்துவிட்டிருக்கிறார். அந்த வரிக்கும் பேஸ் கிட்டார் வாசித்துக் கொடுத்தவர் மெக்கார்ட்னிதான். இது பெருந்தன்மையா, கண்டுகொள்ளாததா என்று ரசிகர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இன்னொரு சகா லெனான் இந்தப் பாட்டில் எங்குமே இல்லை.

தெரிந்தவனுக்கு மெனு, தெரியாதவனுக்கு விடுகதை

பிரிட்டனில் ஒருவர் இதைக் கேட்டதும் சிரித்திருப்பார். டப்பா அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. மேக்கிண்டாஷ் சாதாரணக் கம்பெனியும் இல்லை. யார்க்ஷயரின் ஹேலிஃபாக்ஸ் ஊரில் 1890-இல் ஜான் மேக்கிண்டாஷும் மனைவி வயலெட்டும் திறந்த சிறிய கடையில் தொடங்கி, டாஃபி ராஜா என்று பெயர் வாங்கிய குடும்பம். 1936-இல் 'குவாலிட்டி ஸ்ட்ரீட்', அடுத்த வருஷம் 'ரோலோ' என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அவர்கள் டப்பா இல்லாத வீடு குறைவு.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை வேறு. அமெரிக்க ரசிகருக்கு 'குட் நியூஸ்' டப்பாவும் தெரியாது, மான்டெலிமாரும் தெரியாது. தெற்கு பிரான்ஸில் நௌகட்டுக்குப் பேர்போன ஒரு ஊர் அது. தேனும் பாதாமும் சேர்த்து இழுத்துக் கட்டிய, பல்லில் அப்பிக்கொள்ளும் மிட்டாய். இதெல்லாம் தெரியாமல் கேட்டால் பாட்டு முழுக்கப் புதிர். 'லூசி இன் த ஸ்கை' வந்ததிலிருந்து பீட்டில்ஸ் பாட்டு என்றாலே உள்ளே போதைப்பொருள் ஒளிந்திருக்கிறது என்று தேடிய காலம் வேறு. இப்படி அர்த்தம் தோண்டுகிறவர்களைக் கேலி செய்யவே லெனான் இதே ஆல்பத்தில் 'கிளாஸ் ஆனியன்' எழுதியிருந்தார். அதைக் கேட்டும் தோண்டுகிறவர்கள் நிறுத்தவில்லை. ஆனால் இந்தப் பாட்டில் எவ்வளவு தோண்டினாலும் கடைசியில் கையில் கிடைப்பது ஒரு சாக்லேட் டப்பாதான். பீட்டில்ஸ் எழுதியவற்றில் இவ்வளவு அப்பட்டமான உண்மைப் பாட்டு வேறு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்னொரு வகை ரசிகர் இருக்கிறார், பின்கதை தெரிந்தவர். கிளாப்டன் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்டு மேல் கொண்ட காதலில் பிறந்த 'லைலா' 1970-இல் வந்தது. பின்னால் கிளாப்டனும் பேட்டியும் 1979-இல் மணந்துகொண்டார்கள். இதை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பவர்கள், இனிப்புக்கு ஆசைப்பட்டவனைப் பல்லைப் பிடுங்குவேன் என்று மிரட்டுவதில் பொறாமையின் வாசனை அடிக்கிறது என்கிறார்கள். கேட்கச் சுவாரசியமான வாதம். 1968-இல் எழுதிய பாட்டுக்கு 1970-இன் மனக்கசப்பை ஏற்ற முடியாது என்பதோடு விட்டுவிடலாம். இருவரும் சேர்ந்து 'பேட்ஜ்' பாட்டை எழுதியதும் இதே காலத்தில்தான். 1969-இல் ஹாரிசன் 'ஹியர் கம்ஸ் த சன்' எழுதியது கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உலாவிக்கொண்டு. பொறாமைக்காரர்கள் பழகும் லட்சணம் இது அல்ல.

கூப்பன் தலைமுறையின் பற்கள்

நான் இந்தப் பாட்டை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் வேறு. இது சிரிப்புப் பாட்டுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு தேசத்தின் வாய் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூலையில், பிரிட்டனில் மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் ரேஷன் வந்தது. பெரும்பாலான காலம் ஆளுக்கு நான்கு வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம். போர் முடிந்தும் ரேஷன் போகவில்லை. 1949-இல் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். கடைகளில் கூட்டம் அலைமோத, சில மாதங்களிலேயே மறுபடி கூப்பனுக்குத் திரும்பினார்கள். 1953 பிப்ரவரி 5 அன்றுதான் ஒரேயடியாக முடிந்தது. குழந்தைகள் உண்டியலை உடைத்துக்கொண்டு மிட்டாய்க் கடைக்கு ஓடினார்கள். டாஃபி தடவிய ஆப்பிள்தான் அன்றைக்கு அதிகம் விற்றது. நௌகட்டும் மளமளவென்று தீர்ந்தது. லிவர்பூலில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு 10 வயது நிறைய மூன்று வாரம்கூட இல்லை. சர்ரே மாவட்டத்தின் ரிப்லியில் கிளாப்டனுக்கு ஏழு. பிறந்ததிலிருந்து மிட்டாயை அளந்து தின்ற பிள்ளைகள், அளவே இல்லாத உலகத்துக்குள் அன்றைக்கு நுழைந்தார்கள்.

பற்களின் நிலைமை அதற்கு முன்பே மோசம். 1948-இல் இலவச மருத்துவ சேவையைத் தொடங்கியதும் பல் செட்டுக்கு எதிர்பாராத கூட்டம் வந்தது. செலவு தாங்காமல் 1951-இல் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தார்கள். அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அன்யூரின் பெவன் அதை எதிர்த்து ராஜினாமா செய்தார். கூடவே வெளியேறியவர் ஹெரால்டு வில்சன். பிற்பாடு அவரே பிரதமராகி, ஹாரிசன் எழுதிய 'டாக்ஸ்மேன்' பாட்டில் பெயரோடு இடம்பிடித்தார் என்பது உபரித் தகவல்.

இந்தப் பாட்டு பதிவான அதே 1968-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரியவர்களின் பற்களைப் பற்றி முதல் தேசிய ஆய்வு நடந்தது. 100 பேரில் 37 பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை! ஒவ்வொன்றாகச் சொத்தை அடைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவதைவிட மொத்தமாகப் பிடுங்கிவிட்டு செட் மாட்டிக்கொள்வது மலிவு, நிம்மதி என்று சாதாரண ஜனங்கள் நினைத்த காலம். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பற்களை எடுத்துவிட்டு, பின்னால் புருஷனுக்குச் செலவு வைக்காமல் பார்த்துக்கொண்ட ஊர்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில், கடைசியில் எல்லாப் பல்லையும் பிடுங்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் பாடினால் அது மிகைப்படுத்திய நகைச்சுவை இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில், ராத்திரி டம்ளரில் போட்டுவைத்த அப்பாவின் பல் செட் இருந்திருக்கும்.

மருத்துவம் எப்படி என்றும் ஒரு வார்த்தை. வாயில் வாழும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன, அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம், எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பெரிய விஷயம். இது திட்டவட்டமாகத் தெரிந்தது ஒரு கொடுமையான பரிசோதனையில். 1940-களில் ஸ்வீடனின் லுண்டு நகரில், விப்பேஹோல்ம் காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, பல்லில் ஒட்டுவதற்கென்றே தயாரித்த டாஃபியை நாள்தோறும் கொடுத்து, பல் எப்படிச் சிதைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஸ்வீடன் குழந்தைகள் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தின்னும் பழக்கம் அந்த ஆய்வின் தொடர்ச்சி. அதன் வழியே பார்த்தால் ஹாரிசன் அடுக்கும் க்ரீம், நௌகட், ஃபட்ஜ் எல்லாமே ஒட்டும் ரகம்தான்.

ஃப்ளோரைடு டூத்பேஸ்ட் பரவியபின் பிரிட்டனில் நிலைமை தலைகீழானது. 2009 ஆய்வில் பல்லே இல்லாதவர்கள் 6 சதவீதம்தான்.

இசைக்காரர்கள் கேட்ட விதம்

இசை தெரிந்தவர்களைக் கேட்டால் வரிகளைப் பற்றியே பேசமாட்டார்கள். அந்தக் கரகரத்த சாக்ஸபோனைப் பற்றித்தான். கீழ்ஸ்தாயியில் பாரிட்டோன்கள் உறும, டெனார்கள் மேலே கடிக்க, நடுவில் ஹாரிசனின் கிட்டார் நரம்பில் ஊசி ஏறுவதுபோல் வெட்டும். பல்வலி வந்தவர்களுக்குத் தெரியும், வலிக்கும் ஒரு சத்தம் உண்டு. அது இதுதான். சாக்ஸபோன் சுத்தமாக இருந்திருந்தால் இது ஒரு விளம்பர ஜிங்கிளாகப் போயிருக்கும். அதைக் கெடுத்தது ஹாரிசனின் பிடிவாதம், அந்தப் பிடிவாதம்தான் பாட்டு.

அன்று ஊதிய ஆறு பேரில் ஒருவரான ரோனி ராஸ், முன்பு டேவிட் போவி என்ற பொடியனுக்கு சாக்ஸபோன் சொல்லிக் கொடுத்தவர். 1972-இல் லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைடு' பாட்டின் முடிவில் வரும் அழகான சோலோ அவருடையது. அதையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒரே மனிதரின் மூச்சை ஸ்டுடியோ எப்படியெல்லாம் மாற்றும் என்பது புரியும். ஸ்வரம் எழுதி, கீபோர்டும் வாசித்த கிறிஸ் தாமஸ் பிற்காலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸின் தயாரிப்பாளர் ஆனார். கரகரப்பு அவரை விடவில்லை போலிருக்கிறது.

ஆல்பம் வந்த மறுவருஷமே எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு இதைப் பாடினார். ஜாஸின் முதல் குரல், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சாக்லேட் பெயர்களை அவர் நாக்கில் உருட்டி உருட்டிப் பாடும்போது பல்வலி காணாமல் போய் ஒரு விருந்து நடக்கிறது. அவர் பின்னாளில் சர்க்கரை நோயால் இரண்டு கால்களையும் இழந்தவர். அது தெரிந்தபின் அந்தப் பதிவை லேசான மனதோடு கேட்க முடியவில்லை. மெம்ஃபிஸின் டெர்ரி மேனிங் 1970-இல் இதைப் பத்து நிமிஷத்துக்கு இழுத்தார், கேலியும் வெறியும் கலந்த இழுப்பு. 1994 அக்டோபர் 31 அன்று நியூயார்க் மாநிலத்தின் க்ளென்ஸ் ஃபால்ஸ் நகரில் ஃபிஷ் குழு வெள்ளை ஆல்பத்தை மேடையில் வாசித்தது. எந்த ஆல்பம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்கள் அவர்களுடைய ரசிகர்கள். 2014-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹாரிசனுக்கு நடந்த அஞ்சலிக் கச்சேரியில் மகன் தானி பாடியவற்றில் இதுவும் ஒன்று. அப்பாவின் பெரிய பாட்டுகள் எத்தனையோ இருக்க, பிள்ளைக்குச் சாக்லேட் டப்பா பிடித்திருக்கிறது.

வெள்ளை ஆல்பத்தை ஒற்றைத் தட்டாக வெளியிட்டிருக்கலாம் என்பது தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் கருத்து. அன்றிலிருந்து ரசிகர்களுக்கு அது ஒரு விளையாட்டு. முப்பதிலிருந்து பதினான்கைப் பொறுக்கி எடுப்பது. பலர் பட்டியலில் முதல் வெட்டு 'சவாய் ட்ரஃபிள்' மேல்தான் விழுகிறது. பல்லைப் பற்றிய பாட்டுக்குப் பெரிய ஆல்பத்தில் என்ன வேலை என்கிற கௌரவம்தான் காரணம். என் கணக்கில் அது தப்பு. கிழிந்த சாக்ஸபோனும், நண்பனைச் செல்லமாக மிரட்டும் குரலும், ரேஷனில் வளர்ந்த ஒரு தலைமுறையின் வாயும் மூன்று நிமிஷத்துக்குள் அடங்கிய பாட்டு இது. 'ஓப்-லா-டி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பேன்.

மேக்கிண்டாஷ் 1969-இல் ரௌன்ட்ரீயோடு இணைந்தது. 1988-இல் இரண்டையும் சேர்த்து நெஸ்லே வாங்கிவிட்டது. 'குவாலிட்டி ஸ்ட்ரீட்' இன்னும் விற்கிறது. 'குட் நியூஸ்' டப்பா இப்போது கடைகளில் இல்லை.